ஈரச் சாக்கு போர்த்திய கதவு

என் மருமகள் மகாராணியின் சமூகத்துக்கு,

ஏழு உலகத்து இரும்பையும் ஒட்டவைத்த வெல்டிங் சக்கரவர்த்தி, உன் தாய்மாமன், முட்டி தேய மண்டியிட்டு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நான் மட்டும் கொஞ்சம் பயந்து போயிருக்கிறேன். கொஞ்சம் என்றால், நேற்று தபால்காரர் மணியடித்ததற்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் தோட்டத்தைச் சொல்கிறேன். தையல் கம்பெனி எரிந்த இடத்தை, மிஞ்சியவர்கள் சேர்ந்து தோட்டமாக்குகிறோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஒரு வருஷமாகச் சாம்பலைச் சலித்து என் தும்மலே கறுப்பாகிவிட்டது. போனவர்கள் ஒன்பது பேருக்கும் ஒன்பது தையல் மெஷின். கருகிய தலையைக் கழற்றிவிட்டு, இரும்புக் கால்களின்மேல் தொட்டி வைத்துச் செடி நட்டிருக்கிறோம். உன் அம்மாவுடையதை மிதிகட்டையின் இடது ஓரத் தேய்மானத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். அதில் செம்பருத்தி. அவளைப் போலவே சொன்ன பேச்சைக் கேட்காமல் சாய்ந்து வளர்கிறது. கத்தரிக்கோல்களைக் கம்பியில் தொங்கவிட்டோம். காற்றடித்தால் ஆயிரம் யானைகள் மணி கட்டி நடப்பது மாதிரி இருக்கும்.

வில்லங்கம் பின்கதவில். இடிபாட்டுக்கு அடியில் குப்புறக் கிடந்த இரும்புக் கதவு. அது சூட்டில் நெளிந்து இறுகியதால்தான் உள்ளே இருந்தவர்கள் தள்ளியும் திறக்கவில்லை என்று விசாரணையில் எழுதி முடித்துவிட்டார்கள். எங்கள் கம்பெனியில் துணி வெட்டிய கட்டிங் மாஸ்டர் அதைத் தோட்டத்து நடுவில் நிறுத்திப் பூங்கொடி படரவிட வேண்டும் என்கிறார். போன வாரம் எட்டுப் பேர் சேர்ந்து புரட்டினோம். மற்றவர்கள் மூச்சு வாங்க ஒதுங்கிய நேரத்தில் நான் மட்டும் கிட்டப் போய்ப் பார்த்தேன். உடனே ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டேன். துருப் பிடிக்காமலிருக்க இது எங்கள் பரம்பரை ரகசியம் என்று புளுகினேன். "யோவ், ஈரச் சாக்கு போட்டாத்தான்யா துருவே பிடிக்கும், உன் ரகசியத்தக் கொண்டுபோய் ஆத்துல போடு" என்று மாஸ்டர் முறைத்தார். அன்றிலிருந்து பக்கத்திலேயே காவல் நிற்கிறேன்.

மருமகளே, அதில் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. வெளிப்பக்கம். மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக வெல்டிங் வைப்பவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் என்று நானே ஊரெல்லாம் பீற்றியிருக்கிறேன். அந்தச் செதில் அப்படியே இருக்கிறது.

காற்றில் அந்தக் கதவு அடித்துக்கொண்டே கிடக்கும். உன் அம்மாதான், "அண்ணே, இது போடுற தாளத்துக்குத் தையலெல்லாம் கோணிக்கிட்டுப் போகுது, ஏதாவது பண்ணேன்" என்றாள். உள்ளே கூரை வரை துணிக்கட்டு. பொறி பறந்து பற்றிக்கொள்ளுமே என்று பயந்தேன். பயந்துதான் தாழ்ப்பாளை வெளியே வைத்தேன். தீப்பிடித்த அன்று காலையும் நல்ல காற்று. தாழ்ப்பாளைப் போட்டவனும் நான்தான். போட்டுவிட்டு மெஷினுக்குப் பெல்ட் வாங்கக் கடைக்குப் போனேன்.

அந்தத் தாழ்ப்பாள் உருகிப் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் வருஷம் முழுக்கச் சாம்பலைச் சலித்தேன். கதவைப் புரட்டிய பிறகு, அதை அறுத்தெடுக்க மூன்று தடவை ஆக்சா பிளேடை எடுத்துக்கொண்டு போனேன். கதவோரத்தைச் சீராக்கப் போனேன், பிளேடு முறிந்துவிட்டது என்று மாஸ்டரிடம் சொன்னேன். பொய். பிளேடு இரும்பைத் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தைப் பார்க்க ஒன்பது குடும்பமும் வருகிறது. சாக்கை எடுத்தாக வேண்டும். அவர்களுக்கு முன்னால் நீ பார்க்க வேண்டும். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடு, தாயே. சாக்கை உன் கையால் எடு. அதற்கப்புறம் மாமா என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம். அன்றைக்கு நான் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளியமாட்டேன்.

புறப்படுமுன் நீ குடியிருக்கும் வீட்டுக் கதவுகளை ஒருமுறை பார்த்துவிடு. எந்த அறையில் நீ இருந்தாலும் அதன் கதவு உன் கை பட்டதும் திறக்கட்டும்.

உன் தாய்மாமன்