புரட்டாசியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள்

செப்டம்பர் 22, திங்கள்
இனியா பள்ளிச் சீருடையோடு எங்கள் தொண்டு நிறுவன ஆபீசுக்கே வந்துவிட்டாள். பதினாறு வயது, கனகசெட்டிக்குளம். ஏப்ரலில் நாங்கள் போய் நிறுத்திய கல்யாணத்தை அவள் அம்மா ரஞ்சிதம் மறுபடியும் பேசுகிறாளாம். அதே மாப்பிள்ளை. "தேதி இன்னும் வெக்கலக்கா. ஆனா வுட மாட்டாங்க. நீ எதனா பண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 23
குழந்தைகள் நலக் குழுவில் உடனே புகார் கொடுக்கலாம் என்று இயக்குநர் ஹரிகிருஷ்ணன் சாரிடம் சொன்னேன். காபியை உறிஞ்சிக்கொண்டே, "ஜெனீவா மாநாட்டுல நாம சொல்லப்போறதே இந்தப் பொண்ணு கதைதான், அன்புசெல்வி. காப்பாத்திட்டோம்னு அறிக்கை போயாச்சு. இப்பப் புகார் குடுத்தா மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது? வந்து பாத்துக்கலாம்" என்றார்.

அயோக்கியத்தனம். ஆனால் நான் எதிர்த்துப் பேசவில்லை. ஏன்? அந்த மேடையில் பேசப்போவது நான். விசா வந்துவிட்டது. புரட்டாசியும் பிறந்துவிட்டது, இந்த மாதத்தில் எங்கள் பக்கம் யாரும் தாலி கட்ட மாட்டார்கள், ஐப்பசிக்குள் திரும்பிவிடுவேன் — இப்படிக் கணக்குப் போட்டு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அக்டோபர் 4
சூட்கேஸ் வாங்கினேன். இனியா இரண்டு முறை போன் செய்தாள். "புரட்டாசி முடியறதுக்குள்ள வந்துடுவேன்டி" என்றேன். "சரிக்கா" என்றாள்.

அக்டோபர் 11, சனி. ஜெனீவா
பேசினேன். பெயரை மட்டும் மாற்றி, இனியாவின் கதை. எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு பிரெஞ்சு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண் இப்போது என்ன படிக்கிறாள் என்று கேட்டாள். பிளஸ் ஒன் என்றேன். பெருமையாக இருந்தது. மறைப்பானேன், ரொம்பப் பெருமையாக இருந்தது.

அக்டோபர் 14
ஊர் வந்ததும் கனகசெட்டிக்குளம் போனேன். ரஞ்சிதம் மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். இனியா எங்கே என்றேன்.

"மாமியார் வூட்ல."

புரட்டாசியிலா?

"புரட்டாசின்னாதான் எவனும் எட்டிப் பாக்க மாட்டான். நீயும் ஊர்ல இல்ல. வெள்ளிக்கிழம வூட்டுக்குள்ளயே கட்டிட்டோம்."

அழுதாளா என்று கேட்டேன். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை தாலி. சனிக்கிழமை நான் மேடையில். அடிப்பாவி அன்பு! அவங்களுக்கு இருந்த புத்தி உனக்கு இல்லாமப் போச்சே. இல்ல — புத்தி இருந்துது. பிளைட் ஏறணும்னு ஆசையும் இருந்துது. த்தூ.

அக்டோபர் 15
என் பெயரிலேயே புகார் கொடுத்தேன். "இந்தக் கல்யாணப் பேச்சு உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று குழுவில் இருந்த அம்மாள் கேட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த பிறகுதான் தெரியும் என்று சொல்லும்படி சார் காலையிலேயே போனில் சொல்லியிருந்தார்.

செப்டம்பர் 22 என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 17
இனியாவை மீட்டுப் பெண்கள் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு வேலை போய்விட்டது. போகட்டும்.

நவம்பர் 2, ஞாயிறு
விடுதிக்குப் போனேன். காப்பாளர் ஜெயம் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "உங்களப் பாக்க வேணாங்குதும்மா" என்றார். கொண்டுபோயிருந்த பிளஸ் ஒன் புத்தகங்களை அவரிடமே கொடுத்தனுப்பிவிட்டு வாசலில் நின்றேன்.

புத்தகங்களை மட்டும் வாங்கிக்கொண்டாளாம்.