முன்னறைத் தரையின் வியர்வை

மார்ச் 3, செவ்வாய்

முன்னறைக்கு மரத்தரை போடுகிறோம். பதினெட்டாம் தேதி நாத்தனார் வருகிறாள். அவள் வீட்டில் மரத்தரை போட்டு ஆறு மாதம் ஆகிறது. ஆறு மாதமாகத் தொலைபேசியில் எனக்கு அந்தப் பெருமைதான்.

தரை போடுபவர் பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, வெறும் சிமெண்ட் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டினார். "அடியிலேர்ந்து ஈரம் ஏறுதான்னு பாக்கணும்மா. ஏறினா மரம் உப்பிக்கும். மூணு நாள் இருக்கட்டும்."

என் வீட்டில் ஈரமா?

மார்ச் 4

தாளுக்கு அடியில் முத்து முத்தாக வியர்த்திருக்கிறது. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? ஓரத்தைப் பிரித்து, துடைத்து, மறுபடி ஒட்டினேன். டேப்பை அவரைவிட நேராகவே ஒட்டினேன்.

மார்ச் 5

துடைத்தேன். மாலையிலும்.

மார்ச் 6

காலையில் துடைத்தேன். பத்து மணிக்குத் தரைக்காரர் வந்து தாளைப் பிரித்தார். "கொடுத்து வச்ச தரைம்மா! சொட்டு ஈரம் இல்ல. திங்கக்கிழமை மரம் போட்டுடலாம்."

"ஏம்மா இப்படி முழிக்கறீங்க?" என்றான் மகன்.

நான் முழிக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நான் பொய் சொல்லவில்லை. துடைத்தீர்களா என்று அவர் கேட்டாரா? கேட்காத கேள்விக்குப் பதில் எழுதினால் நான் படித்த கான்வென்டில் மதிப்பெண் கிடையாது.

ஆனால் மரம் உப்பினால்? அதுவும் நாத்தனார் கண்ணெதிரே? ஐயோ, நான் எதுக்கு அந்தத் துணியைக் கையில எடுத்தேன்!

மார்ச் 9

தரைக்காரர் முதல் பலகையை எடுத்தார். "நிறுத்துங்க" என்றேன். துடைத்த கதையை நிமிர்ந்து நின்றே சொல்லி முடித்தேன்.

"மூணு நாளும் துடைச்சீங்களா?"

"நாலு தடவை."

பலகை அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "இருபது வருஷமா தரை போடறேன். தரைக்குப் பவுடர் பூசி பரிட்சைக்கு அனுப்பின ஆள் நீங்கதாம்மா!"

மகன் வெளியே போய்ச் சிரித்தான். உள்ளே கேட்டது.

மார்ச் 12

புதுத் தாள் ஒட்டி மூன்று நாள். முன்னறைச் சாவி மகனின் சட்டைப்பையில். என் வீட்டில், எனக்கே பூட்டு! இன்று திறந்தார்கள். அடியில் குளம். ஈரம் ஏறாமல் தடுக்கும் பூச்சு இரண்டு முறை பூசி, காயவிட வேண்டுமாம். பதினெட்டுக்குள் மரம் கிடையாது.

மார்ச் 18

நாத்தனார் வந்தாள். முன்னறை தார் பூசியதுபோல் கறுப்பாகக் கிடந்தது. அவள் என்ன சொன்னாலும் பதில் தயார். அவளோ வாசற்படியிலேயே குனிந்து பூச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க வீட்டுல இந்தப் பூச்சு பூசவே இல்ல அண்ணி. மரம் முதுகைத் தூக்கிடுச்சு. வாசக்கதவு திறக்க மாட்டேங்குது. இன்னைக்கு ஜன்னல் வழியாத்தான் பெட்டியோட இறங்கி வந்தேன்."

தரைக்காரரின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். நான் சிரிக்கவில்லை. ஜன்னல் எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்டேன்.