மொச்சைக் குழம்பும் கை நனைக்காத தங்கமும்

நவ. 6, வியாழன்

காலையிலிருந்து நசநசவென்று தூறல். மலையே தெரியவில்லை. நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம்.

ஞாயிறு சாப்பாடு இந்த வருஷம் என் வீட்டில். தீபாவளி கழிந்து ஒரு ஞாயிறு, மூன்று பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து, மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கிற வரை சாப்பிடுவது. பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து விட்டதில்லை. நான், கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஸ்டெல்லா, மேலே மலையில் பூப்பாறைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கம். சட்டம் இரண்டுதான்: புருஷன்மார் கிடையாது, அவசரம் கிடையாது.

இந்த ஒரு நாளைப் பிடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. புரட்டாசியில் கறி கிடையாது. அப்புறம் தீபாவளி ரவிக்கைகள் வந்து கழுத்தை நெரித்தன, தையல் மிஷினை விட்டு எழவே இல்லை. 17ஆம் தேதி கார்த்திகை பிறந்தால் வீ.கா. மாலை போட்டுவிடுவார். (வீட்டுக்காரர் என்று முழுதாக எழுதக்கூட இன்று பொறுமை இல்லை.) அதோடு தை வரை இந்த வீட்டில் முட்டை கூட உடையாது. நடுவில் மாட்டிய ஞாயிறு இது.

வாங்க:
ஆட்டுக்கறி, எலும்போடு
கோலாவுக்குக் கொத்துக்கறி
மொச்சை, நெத்திலிக் கருவாடு (தங்கத்துக்கு. இது இல்லையென்றால் கொன்றுவிடுவாள்)
வாழை இலை
சிலிண்டர் சொல்லணும். சொல்லணும். சொல்லணும்.

வீ.கா.: "எதுக்கு இம்புட்டுப் பாடு? ஓட்டல்ல நாலு பிரியாணி சொல்லிட்டாப் போச்சு."

இவர் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிறவர். காயை இரண்டு விரலில் உருட்டிப் பார்த்தே ரகம் சொல்லிவிடுவார். பெண்டாட்டி முகத்தைப் பார்த்து மட்டும் ஒன்றும் சொல்லத் தெரியாது.

தங்கத்துக்குப் போன். மலையில் டவர் விட்டுவிட்டு. "வர்றேன்டி மாலா. பெருசா ஒண்ணும் மெனக்கெடாத." இவள் வாயிலிருந்து இந்த வார்த்தையா? போன வருஷம் கோலா உருண்டை சின்னதாக இருக்கிறது என்று சண்டை போட்டவள். "பாப்பா வர்றாளா?" என்று வேறு திரும்பத் திரும்பக் கேட்டாள். வருகிறாள் என்றேன். என் மகள் நிவேதாவுக்குக் கோயம்புத்தூர் கம்பெனியில் சனி, ஞாயிறு லீவு.

நவ. 8, சனி

சிலிண்டர் தீர்ந்தது. நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் கடன் வாங்கியாயிற்று.

பஸ் ஸ்டாண்டு முழுக்கக் குரங்கணிக்குப் போகிற வேன்கள். காய் வாங்கி வருவதற்குள் சேலைக்கரையெல்லாம் சேறு. இலைக்காரி கிழிந்த இலையைச் சுருட்டி உள்ளே வைத்துக் கொடுத்துவிட்டாள். வீட்டில் வந்து பிரித்துத்தான் தெரிந்தது.

நிவேதா வந்தாள். வந்ததும் வராததுமாக மூக்கைப் பிடித்தாள். "அம்மா, கருவாடா? என் சட்டையெல்லாம் நாறும்."

"உனக்கு யாருடி வச்சா? உங்க தங்கம் பெரியம்மாவுக்கு."

மொச்சை ஊறுகிறது. இடுப்பு விட்டுப்போகிறது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, எழுதி வைக்கிறேன்.

நவ. 9, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

ஸ்டெல்லா கோயில் பூசை முடிந்து நேரே வந்தாள். தங்கம் ஜீப்பில் வந்து இறங்கினாள், பட்டுச்சேலையில்! சோறு தின்ன வருகிறவளுக்குப் பட்டு எதற்கு? வருஷா வருஷம் பாயாசத்துக்கு ஒரு கைப்பிடி ஏலக்காய் கொண்டுவருவாள். இந்த முறை ஒரு பை நிறைய, நல்ல பச்சையில், முதல் ரகம். வாங்கி வைத்தேன். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும்.

மூன்று இலை போட்டேன். தங்கம் உட்காரவில்லை.

"பல்லு வலிடி. நீங்க சாப்புடுங்க, நான் பரிமாறுறேன்."

"பல்லு வலின்னா ரசம் ஊத்திக் கரைச்சுக் குடி."

"வேணாம்டி."

"பாயாசம்?"

"மதி, மதி." மேலே போய் இருந்து இருந்து பாதி மலையாளம் ஆகிவிட்டது அவளுக்கு. போதும் என்கிறாள். ஒன்றையும் தொடாமலேயே போதுமாம்!

பச்சைத்தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. பையிலிருந்து சொந்த பாட்டிலை எடுத்துக் குடித்தாள். என் வீட்டில். ஒரே டிபன் பாக்ஸில் எச்சில் பார்க்காமல் தின்றவர்கள் நாங்கள்.

பல் வலிக்காரி பேச்சில் மட்டும் குறை வைக்கவில்லை. அதுவும் என்னோடு இல்லை, நிவேதாவோடு. சம்பளம் என்ன, சமைக்கத் தெரியுமா, குளிர் தாங்குமா. "நம்ம பிரவீனும் தோட்டத்துல புதுசா மோட்டார் போட்டுருக்கான்" என்றாள். தன் பிள்ளை மோட்டார் போட்டதை இவளிடம் ஏன் சொல்கிறாள் என்று நான் கோலாவைப் பொரித்துக்கொண்டே யோசித்தேன். யோசித்தேனே ஒழிய விளங்கவில்லை.

ஸ்டெல்லா மட்டும் சாப்பிட்டாள், தலை நிமிராமல். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மூன்றாவது இலை ஈரம் கூடப் படாமல் கிடந்தது. தங்கமே அதைச் சுருட்டி மூலையில் வைத்தாள்.

வெயில் சாய்வதற்குள் கிளம்பிவிட்டாள். "ஜீப்பு போயிரும், வர்றேன்டி." விளக்கு வைக்கிற வரை இருக்கிறவள்!

சட்டி நிறைய மொச்சைக் குழம்பு. யார் தின்பது?

நவ. 10, திங்கள்

காலை இட்லிக்கு மொச்சைக் குழம்பு. மத்தியானம் மொச்சைக் குழம்பு. வீ.கா. முகம் சுளித்தார். "நேத்து அந்தப் பிள்ளைக்கு நெசமாவே பல்லு வலியா இருக்கும்" என்கிறார்.

போன வருஷம் அவள் ரவிக்கைக் கை இறுக்கிவிட்டது என்றாளே, அதுவா? நிவேதா படிப்பு முடித்ததற்கு நேரில் போய்ச் சொல்லவில்லையே, அதுவா? யோசித்து யோசித்து ஊசியைக் குத்திக்கொண்டேன்.

சாயங்காலம் ஸ்டெல்லா ரவிக்கை வாங்க வந்தாள். விட்டேனா? பிடித்து உட்கார வைத்தேன். மென்று முழுங்கினாள்.

"ஏசுவே, என்னைய மாட்டி விடாதடி. அவ மகனுக்கு நிவேதாவக் கேக்கலாம்னு இருக்காக. பேசி முடிக்கிற வரைக்கும் பொண்ணு வீட்ல கை நனைக்கக் கூடாதுன்னு அவ வீட்டுக்காரரு சொல்லி அனுப்பிருக்காரு. வராம இருந்தாலும் நீ கோவிப்ப. அதான் வந்து சும்மா உக்காந்துட்டுப் போயிட்டா."

சும்மாவா உட்கார்ந்தாள்? பெண் பார்த்திருக்கிறாள். என் தோழியாக வரவில்லை, மாப்பிள்ளையின் தாயாக வந்திருக்கிறாள். நான் பாட்டுக்கு அவளுக்காகக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீ.கா.வுக்கு வாயெல்லாம் பல். "தெரிஞ்ச குடும்பம், தோட்டம் இருக்கு, பயலும் தங்கமான பய." நிவேதாவுக்குப் போன் போட்டேன். ஊர் கேட்கக் கத்தினாள். "பிரவீன் அண்ணனையா? அம்மா, சின்னதுலருந்து அண்ணன்னு கூப்பிடுறேன். உங்களுக்கெல்லாம் கிறுக்கு புடிச்சுருச்சா?"

"கூப்புடுறதுதான, ரத்த சொந்தமா என்ன?" என்று இவர் பின்னாலிருந்து.

நான் போனை வைத்தேன். அவள் சொல்வதுதான் சரி. எனக்கும் அந்தப் பையன் என் பையன் மாதிரி. ஆனால் இல்லை என்று சொன்னால்? முறையாகக் கேட்டு, மறுத்துவிட்ட வீட்டில் அப்புறம் யார் சோறு தின்பார்கள்? ஆம் என்றால் அவள் சம்பந்தி, நான் எழுந்து நின்று பரிமாற வேண்டும். இல்லை என்றால் அவளே இல்லை. எப்படிப் பார்த்தாலும் என் தங்கம் போய்விட்டாள். இந்த மனுஷர்கள் எங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார்கள்.

நவ. 12, புதன்

மழை. கரண்ட் இல்லை.

வீட்டு ஆம்பிளைகள் பேசட்டும் என்று வீ.கா. சொன்னார். பேசினால் விஷயம் பெரிதாகும். நானே தங்கத்துக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை.

"பாப்பாவுக்கு இஷ்டமில்ல தங்கம். எனக்கும்தான். அதுக அண்ணன் தங்கச்சியா வளந்துருச்சுக."

அந்தப் பக்கமும் மழைச் சத்தம்.

"சரி" என்றாள். "வைக்கிறேன்."

அவ்வளவுதான். அழுதேன். அழுதுகொண்டே தைத்ததில் கலியாண ரவிக்கைக்கு இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரிக்கணும்.

நவ. 14, வெள்ளி

பிரித்துத் தைத்தேன். போன் வரவில்லை. அவள் கொடுத்த ஏலக்காய்ப் பை அடுப்படி அலமாரியில். திறக்கவில்லை. திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா, அதுவும் தெரியவில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் வாசனை அடிக்கிறது. எரிச்சலாக வருகிறது.

நவ. 16, ஞாயிறு

நாளைக்கு வீ.கா. மாலை போடுகிறார். காலையிலிருந்து பாத்திரம் எல்லாம் புளி போட்டு விளக்கி, அடுப்படி கழுவி விட்டேன். கறி வாசம் இருக்கக் கூடாதாம். சொல்லிவிட்டு அவர் கடைக்குப் போய்விட்டார், கழுவுவது நான். மத்தியானத்துக்குக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம்.

வாசலில் ஜீப்புச் சத்தம். தங்கம். தோட்டத்துச் சேலை, காலில் சேறு.

"என்னடி" என்றேன்.

"பல்லைப் புடுங்கப் போறேன்னு சொல்லிட்டு எறங்கி வந்தேன்."

"ஞாயித்துக்கெழம எந்த டாக்டருடி இருக்காரு?"

"அது அவருக்குத் தோணல. உனக்கு மட்டும் எப்படித்தான் தோணுதோ." வாசல்படியில் காலைத் தேய்த்துச் சேற்றை வழித்தாள். அப்புறம், "அவரு இனி உங்க வீட்டு வாசலுக்கு வரமாட்டாரு மாலா. ரொம்பச் சடைவா இருக்காரு. பய விழுந்து விழுந்து சிரிக்கிறான். எனக்கும் வருத்தந்தான், இல்லைங்கல. பாப்பா மருமகளா வந்தா நீயும் அடிக்கடி மேல வருவேன்னு நெனச்சேன்."

"உள்ள வாடி" என்றேன்.

நேரே கொல்லைக் குழாய்க்குப் போனாள். முழங்கை வரை கழுவிவிட்டு வந்து, சொட்டச் சொட்ட என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்தா. கை நனைச்சுட்டேன். போடு சோத்த. மொச்சக் கொழம்பு எங்க?"

"ஒரு வாரமாவா வச்சுருப்பேன்? தின்னு தின்னு எங்களுக்கு நாக்கே செத்துப்போச்சு. கத்தரிக்கா இருக்கு, தின்னா தின்னு."

"கத்தரிக்காயா!" என்றாள், ஏதோ நான் ஏமாற்றிவிட்ட மாதிரி.

இலை கூட இல்லை. தட்டில் போட்டேன். ஸ்டெல்லாவுக்கும் ஆள் விட்டிருக்கிறேன். தங்கம் இரண்டாம் தடவையும் வாங்கித் தின்றுவிட்டு, புளி தூக்கல், உப்புக் குறைச்சல், அப்பளம் நமுத்துப்போச்சு என்று வரிசையாகச் சொல்லிவிட்டாள். மூன்றாம் தடவை கேட்கிறாள். பானையில் ஒரு பருக்கை இல்லை. விளக்கிக் கவிழ்த்த பானையை எடுத்து மறுபடி உலை வைத்திருக்கிறேன். அது கொதிக்கிற நேரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளேயிருந்து கத்துகிறாள், உலை பொங்குதாம். எழுந்து இறக்கினால் என்ன, பாவி.