எந்த மேடையிலும், எந்த வீட்டிலும்

பிப்ரவரி 3, திங்கள்
நேற்றோடு குழுவை விட்டு வந்துவிட்டேன். ஆலன் ஊரில் கிரிஸ் வீட்டு கராஜில் பதினோரு வருஷம் பாடிய குழு. பதினான்கு பாட்டும் நான் எழுதி, நான் மெட்டுப் போட்டவை. இப்போது காதில் தாளத்துக்கான கிளிக் சத்தத்தை ஓடவிட்டு அதன்படிதான் வாசிக்க வேண்டுமாம்.
"கடைசி சரணத்துல தாளத்தை விட்டு ஓடுறீங்க அங்கிள். ரெக்கார்டிங்குக்கு வேற ஆளை கிட்டார் வாசிக்க வெச்சுட்டோம்" என்றான் கிரிஸ்.
வெச்சுட்டோம்! கேட்கவில்லை, தகவல் சொல்கிறான். நான் யாரிடமும் போய்ப் படித்தவன் இல்லை. வேர்ஹவுஸில் சாப்பாட்டு இடைவேளைகளில் விரல் தேயத் தேய நானே படித்தது. பாட்டுக்குக் கோபம் வருகிற இடத்தில் அது ஓடத்தான் செய்யும்.

பிப்ரவரி 5, புதன்
மெயில் அனுப்பினேன். 'என் பாடல்களை இனி எந்த மேடையிலும், எந்த வீட்டிலும் நீங்கள் யாரும் பாடக்கூடாது.'
என் மனைவி ஜோசபின் எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்லயுமா? குளிக்கும்போது?" என்றாள்.
"அங்கேயும்தான்."
சாயங்காலம் கிரிஸின் பதில். 'சரி அங்கிள். பாட மாட்டோம்.' அவ்வளவுதான். ஒரு வார்த்தை கெஞ்சவில்லை.

மார்ச் 9, ஞாயிறு
பக்கத்து ஊர் காப்பெலில் ஒரு காப்பிக் கடையில் தனியாகப் பாடினேன். இரண்டு பாட்டு. ஏழு பேர்; அதில் ஒருவர் லேப்டாப்பிலிருந்து தலையே தூக்கவில்லை. அறிவிக்கும்போது என் பெயரைக் கடித்துத் துப்பினார்கள். இருக்கட்டும். ஓட வேண்டிய இடத்தில் ஓடினேன். தடுக்க ஆளில்லை.

மார்ச் 10
விரல் நுனி எரிகிறது. சந்தோஷம்தான்.

ஏப்ரல் 12, சனி
தமிழ்ச் சங்கத்தின் சித்திரை விழா. எனக்குப் பதினைந்து நிமிஷம். மூன்றாவதாக 'ரெண்டாவது ஷிஃப்ட்' எடுத்தேன். வேலைக்குக் கிளம்பிய கணவன் போனில் மனைவியிடம் கேள்வி கேட்கிற பாட்டு. 'கதவைப் பூட்டியாச்சா?' என்று நான் கேட்பேன். 'பூட்டியாச்சு' என்று குழு சொல்லும். அவர்களைப் பார்த்து ஹால் முழுக்கச் சொல்லும். வீட்டில் பழகியபோது அந்தப் பதில் என் காதுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தது போல. அது இல்லை என்பதே தெரியவில்லை.
முன்வரிசையில் கிரிஸின் மனைவி ரெனிஷா, குழுவின் பாடகி. பக்கத்தில் டிரம்ஸ் வாசிக்கும் தீபக். கதவு, அடுப்பு, ஜன்னல் — மூன்று கேள்வி கேட்டேன். ரெனிஷா உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். முந்நூறு பேரும் சும்மா இருந்தார்கள். பாட்டைப் பாதியில் முடித்துக்கொண்டு இறங்கினேன்.
பார்க்கிங்கில் அவளைப் பிடித்தேன். "வேணும்னுதானே பண்ணினீங்க?"
"என்ன அங்கிள் இது? நீங்கதானே மெயில் போட்டீங்க, எந்த மேடையிலும் எந்த வீட்லயும்னு. நாம கீழதானே உக்காந்திருக்கோம், பாடலாம்னு தீபக் சொன்னாரு. நான்தான் வேணாம்னு கையைப் பிடிச்சேன். வீட்ல எங்க குட்டி ஜாய் தினம் படுக்கும்போது அந்தப் பாட்டுதான் கேப்பா. அதையும் நிறுத்திட்டோம்."
"நான் என்ன வந்து பார்க்கவா போறேன்?"
"நீங்க சொல்லிட்டீங்களே அங்கிள்."

ஏப்ரல் 13
குருத்தோலை ஞாயிறு. பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை.
கோபத்தில் எழுதினதை இப்படியா காப்பாத்துவாங்க? மீறியிருந்தா நிம்மதியா சண்டை போட்டிருப்பேனே. அதுக்கும் வழி இல்லாம பண்ணிட்டாங்களே. அந்தக் குழந்தை என்ன செஞ்சது எனக்கு?

ஏப்ரல் 27
பதில் தேவைப்படாத பாட்டு ஒன்று எழுதப் பார்க்கிறேன். வரவில்லை.

மே 9, வெள்ளி
"போன் பண்ணி ஸாரின்னு சொல்லித் தொலைங்களேன்" என்கிறாள் ஜோசபின். மாட்டேன். என் கிட்டாரை எடுத்துவிட்டு வேறொருவன் கிட்டாரை வைத்தவர்கள் அவர்கள். அது மாறவில்லை.
மெயில் மட்டும் அனுப்பினேன். 'பிப்ரவரி ஐந்தாம் தேதிக் கடிதத்தில் ஒரு திருத்தம். வீடுகளுக்கு அது பொருந்தாது. மேடைகளுக்குப் பொருந்தும்.'
'சரி அங்கிள்' என்று பதில். கூடவே ஜாயின் பிறந்தநாள் அழைப்பு.

ஜூன் 1, ஞாயிறு
போவதில்லை என்றுதான் இருந்தேன். ஜோசபின் போய் காரில் உட்கார்ந்துவிட்டாள்.
கேக் வெட்டியதும் ஜாய் சோபாவில் ஏறி நின்று, 'கதவைப் பூட்டியாச்சா?' என்று இழுத்தாள். ரெனிஷா, தீபக், தட்டு கழுவிக்கொண்டிருந்த கிரிஸ், எல்லோரும் பதில் சொன்னார்கள். நான் சுவரோரம் நின்றேன். அவள் பாட்டை நிறுத்தி என்னை முறைத்தாள். "தாத்தா, யூ ஹாவ் டு ஆன்சர்!"
மறுபடி முதலிலிருந்து கேட்டாள். பதினோரு வருஷத்தில் அந்தப் பதிலை நான் ஒருமுறையும் பாடியதில்லை. நான் கேட்கிறவன் அல்லவா? பாடினேன். கதவுக்கு ஒரு அடி பிந்தினேன். அடுப்புக்கும் ஜன்னலுக்கும் சேர்ந்துகொண்டேன்.
கிளம்பும்போது கிரிஸ் கார் வரை வந்தான். குழுவுக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.
"அடுத்த ஞாயிறு காப்பெல்ல பாடுறீங்களாமே அங்கிள். வரலாமா?"
"வா. வந்தா சும்மா உக்காந்திருக்காதே, வாயைத் திற" என்றேன்.
இதற்கென்று தனியாகத் திருத்தம் எழுதி அனுப்பப் போவதில்லை.