ஜாடை வேறு, முறை வேறு

நவ. 4, செவ்வாய். மழை விடவில்லை.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் காலைப் பிடித்துக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அண்ணனிடம் காட்டவே காட்டாதீர்கள்.

அண்ணனின் ஜீன் பரிசோதனை ரிப்போர்ட் இன்று வந்தது. போன மாதம் ஆற்றங்கரையில் ஓடும்போது மயங்கி விழுந்தானே, அதற்கு எடுத்தது. ஒரு ஜீனில் ஒரு எழுத்து மாறியிருக்கிறதாம். அந்த ஜீனின் வேலையை யாரும் நேரில் பார்த்ததில்லை. அதே ஜாடையில் இன்னொரு ஜீன் எலியின் மூக்கில் வாசனை அறியும் வேலை பார்க்கிறது. ஆகவே இதுவும் அப்படித்தான், பயமில்லை என்று போட்டிருக்கிறார்கள். இவ்வளவுதான்.

அப்பா: "மூக்கு சமாச்சாரம்! இதுக்கா இந்த அழுகை அழுத?" அம்மா சிரித்துவிட்டாள், ஒரு மாதம் கழித்து இன்றுதான்.

சனி காலை ஆறு மணிக்கு அண்ணனுக்கு போலீஸ் தேர்வு ஓட்டம். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். ஷூ அடுப்புப் பக்கம் காய்கிறது.

அம்மாவின் தம்பி, சின்ன மாமா, அணைக்கட்டில் நீந்தும்போதுதான் செத்தார். நன்றாக நீந்தத் தெரிந்தவர். எனக்கு மட்டுமா ஞாபகம் வருகிறது?

நவ. 5, புதன்

கெமிஸ்ட்ரி டெஸ்ட் சொதப்பல். சாயந்திரம் ஸ்ரீவைகுண்டத்தில் காதுகுத்து. பந்தியில் ஒரு அம்மா: "ஏட்டி, இது ஒன் அண்ணனா? மூக்க உரிச்சு வச்சிருக்கு!" பக்கத்தில் இருந்தது பெரிய மாமா மகன். அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்லாருக்கே! அவன் கட்டிக்கிற முறைல்லா!"

சித்தி மகள் பொன்னி எதிரில். அவளுக்கும் எனக்கும் ஒரு ஜாடையும் கிடையாது. ஆனால் அவள்தான் தங்கச்சி. முறை சொல்ல முகத்தையா பார்க்கிறோம்? வம்சம் எங்கே பிரிந்தது என்றுதானே கேட்கிறோம்.

ரிப்போர்ட்டில் அந்த ஜீனின் முகத்தைத்தானே பார்த்திருக்கிறார்கள்?

நவ. 6, வியாழன்

மதியம் கம்ப்யூட்டர் ரூம். வாசலில் என் கிளாஸ் மெர்லின் காவல். அந்த ஜீனின் சொந்தங்களை மனிதன், எலி, கோழி, மீன் எல்லாவற்றிலும் தேடி எடுத்துப் போட்டேன். இலவச இணையதளம் ஒன்று வம்ச மரம் வரைந்து தந்தது. யார் எங்கே பிரிந்தார்கள் என்று.

மூக்கு ஜீன் வேறு கிளை. உலகத்தில் மீனெல்லாம் வருவதற்கு முன்பே பிரிந்து போனது. அண்ணனுடையதோடு ஒரே கிளையில் இருப்பது எலியின் வேறொரு ஜீன். எலியில் அது வேகமாக மாறிவிட்டதால் ஜாடை தெரியவில்லை. அதன் வேலை இதயத்துடிப்பு. அது கெட்டுப்போன எலிகள் சும்மா இருந்தால் நன்றாக இருக்கின்றன. ஓடவிட்டால் செத்துவிடுகின்றன.

"என்னட்டி, பேயறஞ்ச மாதிரி இருக்க?" மெர்லின்.

நான் போட்டது தப்பாக இருக்கலாம். பிளஸ் டூ பெண் போட்ட மரம். ஒரே கிளையிலும் வேலை மாறலாம். கடவுளே, மாறியிருக்கட்டும். ரிப்போர்ட் தந்த லேபுக்கு மெயில் அனுப்பினேன்.

நவ. 7, வெள்ளி. இரவு.

லேபிலிருந்து பதில் இல்லை. வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா கத்தினார். "லேபுக்காரனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிட்டோ? ஓடப் போற புள்ளைட்ட சாவப் பத்திப் பேசுதா!"

அண்ணன் தலையில் குட்டினான். "டாக்டரம்மா, எலி எனக்கு என்ன முறை? மச்சானா?"

அவனுக்கு இதுதான் கடைசி வருடம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

ஹால் டிக்கெட்டை எங்கேயும் பிரிண்ட் எடுக்கலாம். ஒரிஜினல் மார்க்‌ஷீட் இல்லாமல் கிரவுண்டுக்குள் விட மாட்டார்கள். அது இருக்கிற அவன் ஃபைலை எடுத்துவிட்டேன். முதலில் அரிசி டிரம்மில். ஐயோ, விடியக்காலம் அம்மா அரிசி எடுப்பாளே. இப்போது என் பாய்க்கு அடியில். மேலே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

பீரோவைத் திறக்கும் சத்தம். அண்ணன்தான். மறுபடி திறக்கிறான். இங்கே வருகிறான். கதவைத் தட்டுகிறான்.

"ஏட்டி, முழிச்சிருக்கியா? என் ஃபைலப் பாத்தியா?"

திறக்க மாட்டேன். ஆறு மணி தாண்டட்டும். அவன் ஆயுசுக்கும் என்னோடு பேசாமல் இருக்கட்டும். பரவாயில்லை, உயிரோடு இருந்தால்