நாலு பேருக்கும் ஒரே மாடல்

மச்சான்,

இன்று காலை எதிர்க்கடையின் நீல போர்டைப் போன் கம்பெனி ஆட்கள் கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மலிவு போனை நிறுத்திவிட்டார்களாம். விற்பனை எக்கச்சக்கம், லாபம்தான் கையில் நிற்கவில்லையாம். இனி விலை கூடிய போன் மட்டும்தான், அதுவும் சென்னையில்தான். பொன்னேரி சர்வீஸ் சென்டரையும் மூடியாயிற்று. கேட்டதும் 'அப்பாடா' என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். எதிர்க்கடைக்காரர் பாவம், அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அந்த போர்டு நம் கடைக்கு வரவேண்டியது. போன வருடம் அவர்களுடைய சேல்ஸ் ஆள் நம் இருவரிடமும் முதலில் வந்தாரே. வேறு கம்பெனி போனை விற்கக் கூடாது என்பது நிபந்தனை. ஒரு போனுக்கு நமக்கு நிற்பது கொஞ்சம்தான், ஆனால் ஊரையே வளைத்துவிடலாம் என்றார். இங்கே மீன்பிடிக்க ஒரு படகில் போகிற நாலு பேரும் ஒரே மாடல்தான் வாங்குவார்கள், ஒரு சார்ஜர் எல்லாருக்கும் ஆகும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. "ஒருத்தரைப் பிடிங்க சார், படகே உங்களுது" என்றார். எனக்கு வாயெல்லாம் பல்.

நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "உப்புத்தண்ணி பட்டு ரிப்பேரானா யாரு சார் பாப்பாங்க?" அவர் பொன்னேரியைச் சொன்னார். அவர் போனதும் என் பக்கம் திரும்பினாய். "வாங்குறப்ப நாலு பேரா வர்றவன், கெட்டுப்போனாலும் நாலு பேராத்தான் வருவான். கம்பெனியவா தேடுவான்? நம்மளத்தான் தேடுவான்."

கடை இருவர் பெயரிலும் இருந்ததால் இரண்டு கையெழுத்தும் வேண்டும். நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். நீ போடவில்லை. "இன்னாடா, பயந்துகினே கடை நடத்துவியா?" என்று கத்தினேன். ஒரு வாரம் பேச்சில்லை. அப்புறம் நீயே டீ வாங்கி வந்தாய், சமாதானமானோம், உன் கையெழுத்து மட்டும் ஆகவில்லை. அடுத்த மாதமே நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அதே ஆள் அதே பத்திரத்தோடு வந்தார். உன் பெயரை அடித்துவிட்டு ஓரத்தில் நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். பேனாவையும் அவரே கொடுத்தார். அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்றே இழுத்தடித்தேன். சலித்துப்போய் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

இன்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "நீ கெட்டிக்காரன்பா, தப்பிச்ச" என்கிறார்கள். நானும் தலையாட்டி வைக்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், லாப நஷ்டம் எதையும் நான் யோசிக்கவில்லை. உன் பெயரை அடிக்கக் கை வரவில்லை, மச்சான்.