உருள் நோன்பை விலக்கி விடுத்த ஓலை

துறையம்மையின் திருவடி நிழல் நம் மேலும் உம் மேலும் ஒருபோல் விழுக.

தண்ணலை நாட்டின் ஆறும் ஏரியும் காப்பவளும், கடம்பவாயில் கோயிலில் நாள்தோறும் தன் கையால் விளக்குக்கு எண்ணெய் வார்ப்பவளும், முன்னோர் தந்த முடியைத் தலையிலும் குடிகளின் முறையீட்டை மடியிலும் தாங்குபவளுமாகிய அரசி நறுவீத் தேவி, வெண்மணற் கோட்டத்து நாற்கல் ஆட்டக் களத்தின் காவலர் மாவளத்தாருக்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டத்து வயல்கள் கதிர் சாய விளைக. உம் பசுக்கள் மடி நிறைக. உம் வீட்டுப் பிள்ளைகள் நோயின்றி உறங்குக. இவற்றை மனமார வேண்டிக்கொண்டே எழுதுகிறோம். இனி வருவது கசப்பானது. ஆயினும் முன்னே வேண்டியதில் ஒன்றும் குறையாது.

கோலடிப்போரில் முதல்வனான கொன்றையன், வரும் முழுநிலா ஆட்டத்தில் நிற்க மாட்டேன் என்று மறுத்துவிட்டதாக எமக்கு விண்ணப்பித்திருந்தீர். அது கோழைத்தனம் என்றீர். அம்மையின் பெயரால் அவனுக்கு விட்ட மனையையும் நிலத்தையும் பறித்து, அவனையும் அவன் மனையாளையும் கைக்குழந்தையையும் கோட்டத்தைவிட்டு வெளியேற்ற நம் முத்திரை வேண்டும் என்றீர். அதற்கு மறுமொழி இது. இதை ஊர் மன்றத்தில் உரக்கப் படிக்கச் செய்யும். ஆட்டம் அறியாத வழிப்போக்கரும் கேட்கக் கூடுமாதலால், நீர் அறிந்ததையும் சிறிது சொல்லியே தொடங்குகிறோம்.

நம் நாட்டுக்கும் செம்பாறை நாட்டுக்கும் நடுவே ஓடும் ஆற்றின் துறையில் தோன்றியவள் அம்மை. இரு நாட்டுக்கும் அவள் ஒருத்தியே தாய். அவள் திருமேனி எந்த நாட்டில் எழுந்தருள்வது என்று வாளெடுத்து மாய்ந்தது போதும் என எண்ணிய நம் முன்னோர், மழை ஓய்ந்தது முதல் அறுவடை வரை இரு நாட்டு இளைஞரும் நாற்கல் ஆடி முடிவு காண்க என்றனர். ஒருவன் தோற்பந்தை எறிவான். எதிரே நிற்பவன் அதைக் கோலால் அடித்துவிட்டு, நான்கு கல்லையும் சுற்றி ஓடி, நின்ற கல்லுக்கே திரும்புவான். திரும்பினால் அவன் பக்கத்துக்கு ஒரு வலம் சேரும். வலம் மிகுந்த நாட்டில் அம்மை ஓராண்டு தங்குவாள். சில ஆண்டுகளாக அவள் செம்பாறையிலேயே இருக்கிறாள். நாம் வெறும் பீடத்துக்கு விளக்கேற்றி வருகிறோம். அவள் நம் ஊருக்கு வரவேண்டும் என்ற ஏக்கம் உமக்கு மட்டும் உரியதன்று, மாவளத்தாரே. அதையும் அறிந்துகொண்டு மேலே கேளும்.

உம் விண்ணப்பம் கண்டதும் முத்திரையைக் கையில் எடுத்தோம். ஒரு குழந்தையைத் தெருவில் நிறுத்தும் ஆணையைக் கண்ணால் காணாமல் இடுவது எப்படி என்று தோன்றவே, குடையும் கொடியும் இன்றி, துறைக்குப் போகும் பெண்களோடு ஒருத்தியாக உம் களத்துக்கு வந்தோம். ஆட்டம் பார்ப்போர் அமரும் மேற்குத் திட்டில் பொரி விற்பவளின் அருகே அமர்ந்தோம். நீர் நம்மைக் காணவில்லை. உம்மை நாம் நன்றாகக் கண்டோம்.

நம் பக்கத்தில் முதலில் கோலெடுத்து வந்தவன் ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தான். பந்து அவனைக் கடந்துபோன பிறகே அவன் கோல் அசைந்தது. அடுத்தவன் விலாவைக் கையால் அணைத்தபடி நின்றான். ஒரு கையால் வீசினான். அதற்கடுத்தவனின் தோள் தாழ்ந்து தொங்கியது. அவன் பந்தைத் தொட்டான், ஆனால் பந்து அவன் காலடியிலேயே விழுந்து உருண்டது, அவனும் ஓடவில்லை. இப்படியே ஒருவர் பின் ஒருவராக வந்து போயினர். பொழுது உச்சிக்கு ஏறியும் நம் பக்கத்தில் ஒரு வலம்கூடச் சேரவில்லை. எதிர்ப்பக்கத்து எறிவோன் அரும்பன் என்பவன், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எறியலாமா என்று தயங்கியதை இருமுறை பார்த்தோம். பகைவனுக்கு வந்த தயக்கம் உமக்கு வரவில்லை.

திட்டில் இருந்தவர்கள் பேசியதையும் எழுதுகிறோம். நம் ஓலை எழுதுபவர் முகம் சுளிக்கிறார். சொன்னது சொன்னபடியே வரட்டும் என்றோம். முழுநிலா ஆட்டத்துக்கு மறுத்திருந்த கொன்றையன், அதற்கு முந்திய அன்றைய ஆட்டத்தில் கோலூன்றி வந்து நின்றபோது நமக்குப் பின்னால் இருந்த ஒருவன், "ஏலே கொன்றையா, அந்தப் பந்து என்ன உனக்கு முறைப்பொண்ணா? தொடவே இம்புட்டு வெக்கப்படுறியே!" என்று கூவ, திட்டே குலுங்கிச் சிரித்தது. "கோலை வீட்டுக்குக் கொண்டுபோய் கூழு கிண்டச் சொல்லு!" என்றான் மற்றொருவன். பொரி விற்பவள் மட்டும் திரும்பி, "உங்க வாய்க்குப் பொரியைப் போட்டு அடைக்கணும்யா. அவன் மணிக்கட்டைப் பாத்தீங்களா, பூசணிக்கா மாதிரி வீங்கிக் கிடக்கு" என்று அதட்டினாள். அவள் சொன்ன பிறகுதான் நாமும் அதைப் பார்த்தோம். கொன்றையன் அந்தக் கையாலேயே அடித்தான். பந்து கோலில் பட்டதும் அவன் வாயிலிருந்து வந்த ஓசை இன்னும் நம் செவியில் இருக்கிறது.

இவ்வளவோடு முடிந்திருந்தால் வருந்தியிருப்போம்; அருவருத்திருக்க மாட்டோம்.

ஆட்டம் தோற்றதும் களத்தருகே உள்ள அம்மையின் கோயிலில் முரசு ஒலித்தது. நீர் நெற்றி நிறையத் திருநீறு பூசி, வெற்றிலை மென்றபடி பிராகாரத்து வாயிலில் வந்து நின்றீர். வலம் சேர்க்காதவர் எல்லோரும் அம்மையின் வெற்றுக் கோயிலைச் சுற்றி உருள வேண்டும் என்றீர். உச்சி வெயிலில் காய்ந்த கருங்கல் தளத்தில் அவர்கள் படுத்தார்கள். விலா நொந்தவன் விலாவின் மேலேயே உருண்டான். தோள் இறங்கியவன் ஒவ்வொரு புரளலிலும் பல்லைக் கடித்தான். கொன்றையன் வீங்கிய கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு உருண்டபோது, நீர் குனிந்து அந்தக் கையை விலக்கி, இரு கையும் தலைக்கு மேல் கூப்பியிருக்க வேண்டும் என்று திருத்தினீர். நீர் தொட்டது மெல்லத்தான். அம்மையின் பெயரைச் சொல்லிக்கொண்டே நீர் அதைச் செய்தீர். அங்கிருந்த பெண்கள் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாம் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

இந்த நோன்பு எங்கிருந்து முளைத்தது என்று விசாரித்தோம். மருதன் என்னும் ஆட்டக்காரன், தாய் காய்ச்சலில் கிடந்தபோது, தானே நேர்ந்துகொண்டு ஒருநாள் உருண்டானாம். மறு ஆட்டத்தில் அவனுக்கு அடி நன்றாக விழுந்ததாம். அதைக் கண்ட நீர், உருண்டால் அடி விழும் என்று முடிவுகட்டி, எல்லோருக்கும் விதித்துவிட்டீராம். ஒரு மகன் தாய்க்காகச் செய்ததை எடுத்து ஒன்பது பேர் முதுகில் சாட்டையாக வைத்தீர். உருண்டதால் உடம்பு நொந்தது. நொந்த உடம்பால் அடிக்க முடியவில்லை. அடிக்க முடியாததால் மறுபடியும் உருளச் சொன்னீர். அறுவடை நெருங்கிவிட்டது, இன்னும் உமக்கு இது புரியவில்லை.

அன்று கோயில் மண்டபத்தில் இரு பக்கத்தாருக்கும் அம்மையின் சோறு பரிமாறினார்கள். கொன்றையன் இலையின் முன் சும்மா அமர்ந்திருந்தான். வலக்கை மடங்கவில்லை. அம்மையின் சோற்றை இடக்கையால் எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. நம் ஊரார் தத்தம் இலையைப் பார்த்து உண்டுகொண்டிருந்தனர். அப்போது எதிர் வரிசையிலிருந்து அரும்பன் தன் இலையை விட்டெழுந்து வந்து, கொன்றையனின் பக்கத்தில் அமர்ந்து, சோற்றைப் பிசைந்து அவனுக்கு ஊட்டினான். "மாப்ளே, உப்பு பத்தலையோ?" என்று மட்டும் கேட்டான். கொன்றையன் சிரித்தான். அன்று முழுதும் அந்தக் களத்தில் நாம் கண்ட வழிபாடு அது ஒன்றே. மற்றதெல்லாம் ஆரவாரம்.

பிறகு ஆட்டக்காரர் தங்கும் கொட்டகைக்குப் போய், நாம் இன்னார் என்று சொன்னோம். எல்லோரும் எழுந்து நிற்க முயன்றார்கள். அதைக் காணச் சகிக்கவில்லை. உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்டோம். "நல்லா இருக்கோம் தாயே" என்றனர் ஒரே குரலில். காயம் என்று சொன்னவனைக் கோழை என்று மன்றத்தில் நிறுத்துவீராமே, அந்த அச்சம். மருதன்தான் கடைசியில் வாய் திறந்தான். "தாயே, உருண்டு வந்த வலத்தையும் கணக்குல சேத்தா, இந்த வருசம் நாங்கதான் கெலிச்சிருப்போம்" என்றான். அவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

கோட்டத்து மருத்துவச்சி எயினியை வரவழைத்துக் கொன்றையன் கையைப் பார்க்கச் சொன்னோம். அவர் அதைத் தம் மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, மணிக்கட்டு எலும்பு விண்டிருக்கிறது என்றார். கட்டிப்போட்டு ஓய்வு கொடுத்தால் கூடும். இன்னொரு முறை கோலால் பந்தைத் தாங்கினால் பிறகு ஏர் பிடிக்கவும் ஆகாது, பிள்ளையைத் தூக்கவும் ஆகாது என்றார். இதை உம்மிடம் முன்பே சொன்னதாகவும், நம்பிக்கையில்லாதவள் பேச்சு என்று நீர் தள்ளிவிட்டதாகவும் சொன்னார். ஆக, கொன்றையன் அஞ்சி மறுக்கவில்லை. இத்தனை நாள் விண்ட எலும்போடு நின்றவன், தன் பிள்ளையைத் தூக்க ஒரு கை வேண்டும் என்று எண்ணி ஒருமுறை மாட்டேன் என்றான். அந்த ஒரு சொல்லுக்காக அவன் கூரையைப் பிடுங்கச் சொன்னீர்.

அம்மை சினந்திருக்கிறாள், அதனால் அடி விழவில்லை என்று உம் விண்ணப்பத்தில் எழுதியிருந்தீர். மாவளத்தாரே, நாமும் அவளைத் தொழுகிறவர்களே. பிள்ளைகளின் முதுகுத்தோல் தன் பிராகாரத்துக் கல்லில் ஒட்டியிருப்பதைக் கண்டு மகிழ்பவள் தாயாக இருக்க முடியாது. அப்படி ஒருத்தி நம் ஊருக்கு வரவேண்டும் என்று நாம் விளக்கேற்றவில்லை. நீர் கெட்டவர் என்றும் நாம் எண்ணவில்லை. பஞ்ச காலத்தில் உம் களஞ்சியத்தைத் திறந்துவிட்டதை நாடு அறியும். அத்தகைய மனம் ஆட்டத்தில் வெல்லும் ஆசையால் எப்படி இவ்வளவு கல்லாயிற்று என்பதே நம் வேதனை. ஒருவேளை அவர்களுள் ஒருவனுக்காவது நீர் உம் கையால் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்திருந்தால், அவன் வெடித்த உதட்டைப் பார்த்திருப்பீர். உதட்டைப் பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பீர்.

இனி நம் ஆணை.

உருள் நோன்பு இன்றோடு ஒழிந்தது. தானே நேர்ந்துகொள்பவன் தன் வீட்டாரோடு கலந்து செய்துகொள்ளட்டும். ஒருவன் இன்னொருவனுக்கு அதை விதிப்பது குற்றம். கொன்றையனின் மனையும் நிலமும் அவனுடையவையே. கை கூடும்வரை அவன் வயலை அரண்மனை ஆட்கள் உழுவர். நொந்தவர்கள் எயினியின் பொறுப்பில் படுத்திருக்கட்டும். அவர் எழுந்திருக்கலாம் என்று சொல்லும்வரை யாரும் அவர்களை எழுப்பலாகாது. ஒருவன் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால், கேட்டவர் முதலில் அவனை உட்காரவைக்க வேண்டும். மற்ற விசாரணை பிறகு.

முழுநிலா ஆட்டத்தை நிறுத்த நமக்கு உரிமையில்லை. அது அம்மை முன் இரு நாட்டாரும் செய்த உடன்படிக்கை. நம் பக்கத்தில் ஆடும் அளவுக்கு உடம்பு தாங்குபவர் நால்வரே என்று அறிகிறோம். நால்வரும் ஆடட்டும். குறைந்த இடங்களுக்குத் திட்டில் அமர்ந்து வாயாடியவர்களுள் ஆள் எடுத்துக்கொள்ளும். ஆட்டம் நன்கு தெரிந்தவர்கள் போலத்தான் பேசினார்கள்.

தோற்போம். அம்மை இன்னும் ஓராண்டு செம்பாறையில் இருப்பாள். இருக்கட்டும். அரும்பன் போன்ற பிள்ளைகள் இருக்கும் ஊரில் அவளுக்கு ஒரு குறையும் வராது.

கொன்றையன் நிற்க வேண்டிய கல்லில், மாவளத்தாரே, நீர் நில்லும். பழி தீர்க்க இதைச் சொல்லவில்லை. கோலைப் பிடித்து, பந்து வரும் திசையைப் பார்த்து, உமக்குப் பின்னால் ஊர் கூவுவதையும் கேட்டு ஒருமுறை நில்லும். அரும்பனிடம் மெல்ல எறியச் சொல்லி நாம் ஆள் அனுப்பமாட்டோம். சொல்லாமலே அவன் அப்படி எறிவான் என்று நம்புகிறோம்.

அடி விழவில்லையென்றால் உம்மை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்குப் போம். வெந்நீரில் குளியும். மனையாள் இட்ட சோற்றைச் சூடாக உண்டு, உறங்கும்.

இது நம் சொல். கடம்பவாயில் அரண்மனையில், விளக்கேற்றிய கையாலேயே அரக்கு வார்த்து, நம் முத்திரை பதித்தோம். ஆறு ஓடும் வரை இவ்வாணை நிற்க. இதைக் கேட்டவர் நெஞ்சு இளகுக.